உள்ளே போடுவதை வாங்குங்கள், மேலே போடுவதை இரவல் கேளுங்கள்!

தீபாவளிப் பலகாரம் தீர்ந்து, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும் நேரத்தில் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளின் பேச்சே மாறிவிடும். “சோல் போறோம், எவ்வளவு குளிரும்?”, “ஜப்பானுக்கு டிக்கெட் மலிவா கிடைச்சுது, பிள்ளைங்களுக்கு என்ன துணி வாங்குறது?” என்று நேயர்கள் கேட்பார்கள். விமான டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பல மாதங்களாகக் கணக்குப் போட்டவர்கள், குளிராடையை மட்டும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கடைசி வாரத்தில்தான் கை நழுவிப் பணம் போகிறது.

24 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்கினாலே போர்வை தேடுகிறவர்கள் நாம். பூச்சோங் பேரங்காடியில் தடித்த கோட் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் வியர்வைதான் வரும். சப்போரோவில் அது போதுமா என்று தெரியாது. தெரியாத விஷயத்தில் விலை அதிகமானதை வாங்கிவிட்டால் பயமில்லை என்று நினைப்போம்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 300 ரிங்கிட்டில் புதுக் கோட் எடுத்தால் 1,500 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். ஏழு நாள் போட்டுவிட்டு, அடுத்த மூன்று வருடம் அலமாரியில் தொங்கப்போகும் துணிக்கு ஒரு மாதச் சம்பளமா?

குடும்பத்தோடு குளிர்தேசம் போய் வந்ததிலும், நேயர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் எனக்குக் கிடைத்த சூத்திரம் எளிமையானது. தோலோடு ஒட்டுவதையும் கை, கால், தலைக்குப் போடுவதையும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். மேலே போடும் பெரிய கோட்டை இரவல் கேளுங்கள், வாடகைக்கு எடுங்கள், அல்லது பண்டல் கடையில் தேடுங்கள்.

முதலில் ஊரைப் பாருங்கள்

எல்லாக் குளிரும் ஒரே குளிர் இல்லை. ஜனவரியில் தோக்கியோவின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகை. சோலில் மைனஸ் 5-க்கும் 6-க்கும் இடையில். சப்போரோவில் மைனஸ் 6. அங்கே பனி குவிந்து கிடக்கும். சீனாவின் ஹார்பின் பனித் திருவிழாவுக்குப் போனால் இரவில் மைனஸ் 20-க்கும் கீழே இறங்கும். ஜூலையில் மெல்பர்ன் போகிறவர்களுக்கு 6, 7 பாகைதான்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களும் நம்மில் அதிகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊட்டி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகலில் வெயில் இதமாக இருக்கும். சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். அங்கே தெர்மல் உடையும் ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் இருந்தால் போதும். ஹார்பினுக்கு எடுக்கும் கோட்டை ஊட்டிக்குச் சுமந்து போக வேண்டியதில்லை.

காற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெப்பநிலை 0 பாகை, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால், உடம்புக்கு அது மைனஸ் 5 போல இருக்கும். மைனஸ் 5 பாகையில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் மைனஸ் 13 போலத் தாக்கும். ஆற்றங்கரையிலும் மலை உச்சிக் காட்சிமேடைகளிலும் பிள்ளைகள் அழுவது இதனால்தான்.

மூன்று அடுக்குக் கணக்கு

உடை சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு நம் உடம்பிலிருந்து வருகிறது. உடை அதைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. பிடித்து வைக்கும் வேலையைச் செய்வது துணிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. அதனால்தான் தடித்த ஒரே உடையைவிட, மெல்லிய மூன்று உடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நன்றாக வேலை செய்கின்றன. சூடான ரயிலுக்குள் ஏறினால் ஒன்றைக் கழற்றவும் முடியும்.

முதல் அடுக்கு, உடம்போடு ஒட்டும் தெர்மல் உடை. வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவது அதன் வேலை. பருத்தி இங்கே உதவாது. நம் ஊர் வெயிலுக்கு அருமையான பருத்தி பனியன், குளிரில் வியர்வையைக் குடித்து ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜீன்ஸும் பருத்திதான். பனியில் நனைந்தால் சீக்கிரம் காயாது. அதைப் போட்டே ஆக வேண்டும் என்கிற பிள்ளைக்கு உள்ளே தெர்மல் கால்சட்டை கொடுங்கள். பனியில் விளையாடும் நாளில் மட்டும் நீர் புகாத கால்சட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

யூனிக்ளோ நிறுவனம் டோரே என்ற இழை நிறுவனத்தோடு சேர்ந்து 2003-இல் அறிமுகப்படுத்திய ஹீட்டெக் துணியை நம் இளைஞர்கள் நன்றாக அறிவார்கள். உடம்பிலிருந்து ஆவியாக வரும் ஈரத்தை இழை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பம் வெளிப்படும் என்பதுதான் அதன் தத்துவம். அதே வகைத் துணியை வேறு பல கடைகளும் விற்கின்றன. லேபிளில் பாலியஸ்டர், அக்ரிலிக், ரேயான், கம்பளி என்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். முழுக்கப் பருத்தி என்றிருந்தால் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் அடுக்கு, சூட்டைப் பிடித்து வைக்கும் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். ஃபிளீஸ் என்பது பாலியஸ்டர் துணியின் மேற்பரப்பைப் பஞ்சுபோல் எழுப்பியது. எடை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. கம்பளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விட்டுவிடாது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அரிக்கும். வாங்கும் முன் கழுத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் அடுக்கு, காற்றையும் பனியையும் தடுக்கும் ஜாக்கெட். (ஜாக்கெட் என்றதும் என் அம்மா, “புடவைக்கு மேட்ச்சா?” என்று கேட்டார்!) உள்ளே பறவையின் மென்தூவி அடைத்தவை டவுன் ஜாக்கெட். எடையே தெரியாது, கைப்பைக்குள் சுருங்கிவிடும். ஆனால் நனைந்தால் தூவி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு சூடு போய்விடும். பாலியஸ்டர் பஞ்சு அடைத்தவை சற்றுப் பெரிதாக இருக்கும். விலை குறைவு, நனைந்தாலும் சமாளிக்கும். பறவை இறகு வேண்டாம் என்று நினைக்கும் சைவக் குடும்பங்களுக்கும் இதுவே பொருத்தம்.

எதற்குப் பணம் கொடுக்கலாம்?

தெர்மல் உடை ஆளுக்கு இரண்டு செட் போதும். ஒன்றை இரவில் துவைத்து அறையில் தொங்கவிட்டால், ஹீட்டர் போட்ட வறண்ட காற்றில் காலைக்குள் காய்ந்துவிடும். உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், பெரிய அளவு எடுத்தால் பயன் குறையும்.

காலுறை ஆளுக்கு மூன்று ஜோடி. கம்பளி கலந்ததாக இருக்கட்டும். இரண்டு காலுறைகளை ஒன்றாகத் திணித்துக் காலணி இறுகினால், இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஒரு நல்ல காலுறையும், விரல்களை அசைக்க இடமுள்ள காலணியும்தான் சரி. காலணி வாங்கப் போகும்போது அந்தக் காலுறையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கையுறை, தொப்பி, கழுத்துத் துணி மூன்றும் சின்னச் சின்னப் பொருள்கள். ஆனால் ஆயிரம் ரிங்கிட் கோட் போட்டிருந்தாலும் விரல் மரத்துப் போனால் அன்றைய சுற்றுலா முடிந்தது. பனியில் விளையாடும் பிள்ளைகளுக்குப் பின்னல் கையுறை உதவாது. நீர் புகாத கையுறை வேண்டும்.

பண்டல் கடையில் கண்ணை விரித்துப் பாருங்கள்

பெரிய கோட்டுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு சொந்தக்காரர் வீட்டுக் கதவு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், “யாரிடமாவது குளிர் ஜாக்கெட் இருக்கா?” என்று ஒரு வரி போடுங்கள். சித்தப்பா மகன் ஒருவர், அத்தை மருமகள் ஒருவர் எப்போதோ கொரியா போயிருப்பார்கள். அவர்கள் அலமாரியிலும் அது சும்மாதான் தொங்குகிறது.

இரண்டாவது வழி வாடகை. கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிராடையை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பல இருக்கின்றன. முன்பணம் எவ்வளவு, நாள் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது, கறை பட்டால் என்ன கட்டணம், துவைத்துத் தர வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் பெரிய அளவுகள் முதலில் தீர்ந்துவிடும். தீபாவளி முடிந்ததுமே பதிவு செய்வது நல்லது.

மூன்றாவது வழி பண்டல் கடை. குளிர்தேசங்களிலிருந்து வரும் பழைய துணிகளில் நல்ல கோட்டுகள் நிறைய இருக்கும். நம் ஊரில் அவற்றைத் தேடுவோர் குறைவு என்பதால் விலையும் குறைவு. ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் 2016 முதல் இங்கே நடத்திவரும் ஜாலான் ஜாலான் ஜப்பான் கடைகளில் அந்நாட்டிலிருந்து வரும் பழைய பொருள்கள் விற்கப்படுகின்றன. பூச்சோங்கிலிருந்து சுபாங் ஜெயா பக்கம் போனால் எட்டிப் பார்க்கலாம். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தையிலும் சில நேரம் அதிர்ஷ்டம் அடிக்கும்.

பழையதை வாங்கும்போது ஐந்தைப் பாருங்கள். ஒன்று, ஜிப்பை மேலும் கீழும் மூன்று முறை இழுங்கள். இரண்டு, அக்குள் தையலைப் பாருங்கள். மூன்று, உள்பக்கத்தைத் திருப்பி, பூச்சு உரிந்து பொடியாகக் கொட்டுகிறதா என்று தடவுங்கள். நான்கு, டவுன் என்றால் கையால் அமுக்கி விடுங்கள். மெல்ல எழும்பி வர வேண்டும், கட்டியாகத் தட்டுப்படக் கூடாது. ஐந்து, முகர்ந்து பாருங்கள். பூசண வாடை துவைத்தாலும் எளிதில் போகாது.

உள்ளே ஃபிளீஸ் போட்டுக்கொண்டு கோட்டைப் போட்டுப் பாருங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கி, குனிந்து காலணிக் கயிறு கட்ட முடிந்தால் அளவு சரி. பயணத்துக்கு முன் உண்மையான சோதனை வேண்டும் என்றால், ஷா ஆலம் ஐ-சிட்டியில் செயற்கைப் பனிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது ஒரு முன்னோட்டம். நமக்கு எந்த இடத்தில் காற்று புகுகிறது என்று தெரிந்துவிடும்.

பழைய காலணி மட்டும் வேண்டாம்

கோட்டைப் பழையதாக வாங்கச் சொல்லும் நான், காலணி விஷயத்தில் மாறிப் பேசுவேன். கிள்ளானிலிருந்து பேசிய நேயர் ஒருவரின் கணவர், நான்கு வருடமாகப் பெட்டிக்குள் இருந்த மலையேற்றக் காலணியோடு ஹொக்கைடோ போயிருக்கிறார். பார்க்கப் புதிது போலவே இருந்ததாம். இரண்டாம் நாள் பனியில் நடக்கும்போது அடிப்பாகம் ரொட்டித் துண்டு போல உதிர்ந்துவிட்டது.

இது அபூர்வம் இல்லை. பல காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் சிதையும். நம் நாட்டு ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். வீட்டில் பழைய பூட்ஸ் இருந்தால், அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பலமாக வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள்.

தோக்கியோ, சோல் போன்ற நகரங்களில் பனி இல்லாத நாள்களில் நல்ல விளையாட்டுக் காலணியே போதும். பனி குவியும் ஊருக்குப் போனால், நீர் புகாத, அடியில் ஆழமான பள்ளங்கள் வெட்டிய காலணி கட்டாயம்.

பிள்ளைகளுக்கு ஓர் அளவு பெரிது, இரண்டு வேண்டாம்

“அடுத்த வருஷமும் போடட்டுமே” என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கோட் தொளதொளவென்று இருந்தால் அடியிலிருந்தும் கையிடுக்கிலிருந்தும் குளிர்காற்று புகும். ஓர் அளவு பெரிதாக இருந்தால் போதும். சின்னக் குழந்தைக்கு ஐந்து விரல் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாக இருக்கும் பை போன்ற கையுறை அதிகச் சூடு தரும், மாட்டுவதும் சுலபம்.

அங்கே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தடித்த ஜாக்கெட்டோடு பிள்ளையைக் குழந்தை இருக்கையில் உட்கார வைத்து வாரைப் பூட்டினால், வார் இறுக்கமாக இருப்பதுபோல்தான் தோன்றும். மோதல் நேர்ந்தால் ஜாக்கெட் அமுங்கி, வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரைப் பூட்டி, பிறகு ஜாக்கெட்டைப் போர்வையாக மேலே போடுங்கள்.

“நீங்க போயிட்டு வாங்க”

குளிர்தேசச் சுற்றுலா என்றதும் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. என் அம்மாவும் அதையே சொன்னார். “எனக்கெதுக்கும்மா அந்தக் குளிரு? நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கிறேன்.” அவருக்கு 66 வயது, பத்து வருடமாக நீரிழிவு. குளிரைவிட, தன்னால் எங்களுக்குச் செலவு கூடுமே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை என்று எனக்குத் தெரியும். வாடகைக் கோட்டின் விலையைக் காட்டிய பிறகுதான் கடப்பிதழைத் தேடி எடுத்தார்.

சுகாதார அமைச்சின் 2023 ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். ஆகவே வீட்டுப் பெரியவரை அழைத்துப் போகும்போது முதலில் காலைப் பாருங்கள். நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். காலணி கடிப்பதும் தெரியாது, குளிரில் மரத்துப் போவதும் தெரியாது. அவருக்குப் புதுக் காலணியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, வீட்டுக்குள் போட்டு நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் பாதத்தில் கொப்புளம், சிவப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜப்பானிலும் கொரியாவிலும் மலிவாகக் கிடைக்கும் சூட்டுப் பைகள் அருமையானவை. உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடாகிறது. ஆனால் அதைத் தோலில் நேராக வைக்கக் கூடாது. மிதமான சூடே பல மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலணிக்குள் வைப்பது ஆபத்து. ஜாக்கெட் பையில் வைத்துக் கையைச் சூடாக்கிக்கொள்ளட்டும்.

புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்களை மாற்ற முயல வேண்டாம். உள்ளே தெர்மல் கால்சட்டை, மேலே முழுக்கைத் தெர்மல், அதன்மேல் ரவிக்கை, புடவை, கோட் என்று போடலாம். நகரத்துக்குள் அது போதும். பனி குவிந்த இடத்தில் மட்டும் புடவைக் கரை நனைந்து கனக்கும். அன்று ஒருநாள் பஞ்சாபி சூட் போட்டுக்கொள்ளச் சம்மதிக்க வையுங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

நானும் கணவரும், 9 வயது மகள், 5 வயது மகன், அம்மா. ஐந்து பேருக்கும் சோல் பயணத்துக்கு நாங்கள் செலவழித்தது இவ்வளவு:

தெர்மல் உடை 10 செட்: 600 ரிங்கிட்
காலுறை 15 ஜோடி: 180
கையுறை 5 ஜோடி: 135
தொப்பி, கழுத்துத் துணி: 100
பண்டல் ஃபிளீஸ் 3 (இரண்டு வீட்டில் இருந்தன): 105
கோட்: எங்கள் இருவருக்கும் அண்ணன் வீட்டு இரவல், பிள்ளைகளுக்குப் பண்டலில் 80, அம்மாவுக்கு வாடகை 90. ஆக 170
அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் காலணி, எங்கள் காலணிக்கு நீர் விலக்கும் ஸ்பிரே: 370

மொத்தம் 1,660 ரிங்கிட். ஐந்து கோட்டையும் ஒன்று 300 என்று புதிதாக எடுத்திருந்தால் 2,990 ஆகியிருக்கும். மிச்சம் 1,330. சோலில் ஐந்து பேரின் சாப்பாட்டுக்கு அது பெரிதும் கைகொடுத்தது. தெர்மலும் காலுறையும் கேமரன் மலைக்கும் இரவு விமானப் பயணத்துக்கும் மறுபடி உதவும் என்பதால், அந்தச் செலவு வீணில்லை.

போன இடத்தில் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முதல் நிமிடத்துக்கே உடை வேண்டும். தெர்மல், ஒரு மேலாடை, காலணி இவை இங்கிருந்தே போகட்டும். தொப்பி, கையுறை, கூடுதல் காலுறை போன்றவற்றை சோலின் நம்டேமுன் சந்தையிலும், ஜப்பானின் 100 யென் கடைகளிலும் மலிவாக வாங்கலாம். ஊட்டியில் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் நடத்தும் சந்தையில் ஸ்வெட்டர் பேரம் பேசி எடுக்கலாம். கொஞ்சம் உடல்வாகு பெரியவர்கள் ஜப்பான், கொரியா கடைகளை நம்பிப் போக வேண்டாம்; அங்குள்ள அளவுகள் சிறியவை.

மலிவு விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. கனமான கோட்டைப் பெட்டியில் வைக்காமல் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

திரும்பி வந்த பிறகு

குளிராடையின் உண்மையான எதிரி நம் ஊர் ஈரம்தான். வியர்வை பட்ட கோட்டை அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைத்தால் பூசணம் பூக்கும், உள்பூச்சு உரியும். லேபிளைப் பார்த்துத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, காற்றோட்டமான துணிப் பையில் தொங்கவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை அலமாரியில் வைத்து, நிறைந்ததும் மாற்றுங்கள். டவுன் ஜாக்கெட்டை அமுக்கிச் சுருட்டி வைத்தால் தூவியின் எழுச்சி போய்விடும்.

இத்தனை பாடுபட்டு ஒரு கோட்டைக் காப்பதைவிட நல்ல வழி, அதை அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவது. எங்கள் பிள்ளைகளின் பண்டல் கோட்டுகள் இப்போது தோழி ஒருத்தி வீட்டுப் பிள்ளைகளோடு நாகானோ போகத் தயாராக இருக்கின்றன. உங்கள் அலமாரியில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால், அளவோடு ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுங்கள். செலவுக்குப் பயந்து “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்ட யாரோ ஓர் அம்மாவுக்கு அது பொருந்தலாம்.